ஒரே சுவரில் நாலு தினுசு ஜன்னல்: இங்கிலாந்தின் பழைய பங்குக் கோயிலுக்கு வயது பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் கிராமத்துப் பழைய தேவாலயம் ஒன்றின் தெற்குச் சுவரில் நாலு ஜன்னல்கள், நாலும் நாலு தினுசு. வாசலில் உள்ள பலகையோ ‘12ஆம் நூற்றாண்டு’ என்கிறது. எதை நம்புவது? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஜன்னலை வைத்துச் சுவருக்கு வயது சொல்லாதீர்கள். கல்லால் கட்டிய கோயிலில் மாற்றுவதற்கு எளிதான பாகம் ஜன்னல்தான். சுவரை இடிக்க வேண்டாம். திறப்பைக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, புது நிலைக்கல்லைப் பொருத்தி, சுற்றிலும் சல்லி வைத்துப் பூசினால் முடிந்தது. கையில் பணம் சேர்ந்தபோதெல்லாம் ஊர் மக்கள் அதைத்தான் செய்தார்கள். அதனால் 1150 வாக்கில் எழுந்த சுவரில் 1450 வாக்கில் வைத்த ஜன்னல் இருப்பது வழக்கமான காட்சி. தலைகீழாகவும் நடக்கும். பக்கவாட்டில் கூடம் சேர்த்து ஊர் கோயிலை விரிவாக்கியபோது, பழைய நார்மன் காலத்து (1066-க்குப் பிந்திய) வாசல் அழகாக இருக்கிறதே என்று கல் கல்லாகக் கழற்றிப் புதுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அங்கே சுவர் இளையது, வாசல் மூத்தது. எனவே சுவர், மூலை, தூண் வரிசை, கூரை விட்டுப்போன தழும்பு என்று பார்த்துவிட்டு, ஜன்னலுக்குக் கடைசியில் வாருங்கள்.

பேசுவதற்குச் சில பெயர்கள் தேவை. கோயில் மேற்கு கிழக்காக நீளும். மேற்குப் பாதி மக்கள் நின்ற இடம். அதை மக்கள்கூடம் என்போம். கிழக்கே பீடம் இருக்கும் ஒடுக்கமான பகுதி பீடக்கூடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வளைவு. மக்கள்கூடத்தின் வடக்கிலும் தெற்கிலும் தூண் வரிசைக்கு அப்பால் இருப்பவை பக்கக்கூடங்கள். மேற்குக் கோடியில் மணிக்கோபுரம். தெற்கு வாசலுக்கு முன்னால் வாசல் மண்டபம். உள்ளே நுழைந்ததும் வாசலருகே ஞானஸ்நானத் தொட்டி.

அந்த நடு வளைவு வெறும் கட்டட உறுப்பல்ல, பணத்தின் எல்லைக்கோடு. 13ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் திருச்சபை வழக்கம் தெளிவாக இருந்தது: பீடக்கூடத்தைப் பழுதுபார்ப்பது, ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை வாங்கும் உரிமையாளரின் பொறுப்பு, மக்கள்கூடமும் கோபுரமும் ஊர் மக்களின் பொறுப்பு. பல ஊர்களில் அந்த உரிமை தொலைவில் இருந்த ஏதோ ஒரு மடத்தின் கையில் இருந்தது. மடம் தசமபாகத்தை வாங்கிக்கொள்ளும், கட்டடத்துக்குச் செலவழிக்க மனம் வராது. மக்கள்கூடம் உயரமாக, வெளிச்சமாக, புத்தம் புதுப் பாணியில் நிற்க, அதை ஒட்டிய பீடக்கூடம் மட்டும் தாழ்ந்து பழசாகக் கிடக்கும் கோயிலைக் கண்டால், அதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இந்தப் பொறுப்பு இன்னும் செத்துப்போகவில்லை. 1530களில் மடங்கள் கலைக்கப்பட்டபோது அது நிலத்தோடு சேர்ந்து தனியார் கைக்குப் போனது. வாரிக்ஷயரின் ஆஸ்டன் காண்ட்லோ கோயில் வழக்கில், பண்ணை நிலம் வைத்திருந்தவர்கள்தான் பீடக்கூடத்தைப் பழுதுபார்க்க வேண்டும் என்று, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 2003-இல் தீர்ப்பளித்தது.

இனி சுவர். சுவர் என்றால் முழுக்க வெட்டுக்கல் அல்ல. வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை, நடுவில் உடைகல்லும் சல்லியும் சுண்ணாம்புக் காரையும் கொட்டிய நிரப்பு. நல்ல வெட்டுக்கல் தொலைவிலிருந்து வண்டியிலும் படகிலும் வர வேண்டியிருந்ததால் மூலை, வாசல், ஜன்னல் ஓரம் ஆகிய இடங்களுக்கு மட்டும் அதை வைத்தார்கள். டோர்செட்டிலிருந்து காட்ஸ்வோல்ட் குன்றுகள் வழியாக லிங்கன்ஷயர் வரை ஓடும் சுண்ணக்கல் பட்டையில் இருக்கும் ஊர்கள் கொடுத்துவைத்தவை. நார்ஃபோக்கிலும் சஃபோக்கிலும் கையில் கிடைத்தது சக்கிமுக்கிக் கல்தான். அதை உடைத்து, பளபளக்கும் கரிய முகத்தை வெளியே காட்டி, வெள்ளைக் கல்லோடு சேர்த்துச் சித்திரம்போல் பதித்த வேலை அந்தப் பக்கத்துக் கொத்தனார்களின் தனிப் பெருமை. அந்த வட்டாரத்து வட்டக் கோபுரங்களுக்கும் மூலைக்கல் தட்டுப்பாட்டைத்தான் வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். ஆனால் அதே ஊர்களில் மக்கள்கூடத்துக்கு மூலைகள் கட்டத்தானே செய்தார்கள்? அது முழுக் காரணமாக இருக்க முடியாது.

பிரான்சிலிருந்து நார்மன்கள் 1066-இல் படையெடுத்து வருவதற்கு முன் ஆங்கிலோ-சாக்சன்கள் கட்டிய கோயிலை மூலையில் கண்டுபிடிக்கலாம். நெட்டையாக நிறுத்திய ஒரு கல், அதன்மேல் படுக்கையாக ஒரு கல், மறுபடி நெட்டை, மறுபடி படுக்கை என்று மாறி மாறி வரும். சுவர் மெல்லியது, பெரும்பாலும் மூன்றடிக்குள். ஆனால் அகலத்துக்குப் பொருந்தாத உயரம். டர்ஹம் பகுதியின் எஸ்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. மக்கள்கூடத்தின் நீளம் ஏறத்தாழ 43 அடி, அகலம் 14 அடி சொச்சம். கல்லெல்லாம் அருகிலிருந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையிலிருந்து வந்தவை. வடக்குச் சுவரை நிதானமாகப் பாருங்கள்: ரோமானியரின் ஆறாம் படையணியின் பெயர் வெட்டிய கல் ஒன்று தலைகீழாகப் பதிந்திருக்கிறது. கட்டியவருக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை, நல்ல சதுரக் கல்லாகத் தெரிந்தது.

நார்மன் காலத்தில் சுவர் தடித்தது, வளைவுகள் அரைவட்டமாயின. வெளியே கையகலம் தெரியும் ஜன்னல் உள்ளே வரவரச் சரிவாக விரியும். கண்ணாடிச் செலவு குறைவு, வெளிச்சம் பரவும். வாசல் வளைவில் வளைந்து வளைந்து ஓடும் கோணல் கோட்டு அலங்காரம் இருந்தால் அது நார்மன் கையெழுத்து. ஹெரஃபோர்ட்ஷயரின் கில்பெக், ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய இஃப்லி இரண்டும் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. கில்பெக்கின் கூரையடியில் நாய், முயல், பூதமுகம் என்று 80க்கு மேற்பட்ட செதுக்குத் தாங்குகற்கள் இன்னும் இருக்கின்றன.

கோயிலின் வரலாற்றில் மிகப் பெரிய மாற்றம் பக்கக்கூடம் சேர்த்தது. சுவரைக் குடைந்து தூண் வரிசையாக்கிய விதம் தெரிந்துவிட்டால், மற்ற பாதிப் புதிர்கள் தானாக அவிழும். பூசை நிற்கக் கூடாது. அதனால் முதலில் பழைய சுவருக்கு வெளியே பக்கக்கூடத்தின் புறச்சுவரை எழுப்பிக் கூரையும் போட்டுவிடுவார்கள். பிறகு பழைய சுவரில் தூண் வர வேண்டிய இடத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு பொந்து வெட்டி, அதற்குள் தூணைக் கட்டுவார்கள். அடுத்து வளைவுக்கான பள்ளத்தை வெட்டி, வளைவுக் கற்களைச் செருகுவார்கள். காரை இறுகிய பிறகு வளைவுக்குக் கீழே மிச்சமிருக்கும் சுவரைப் பெயர்த்து எடுத்தால் வழி திறந்துவிடும். மேலே உள்ள சுவர் அசையாமல் அப்படியே நிற்கும்.

இதன் தடயங்கள் எளிதில் கிடைக்கும். வளைவுகளுக்கு மேலே உற்றுப் பார்த்தால், பழைய சிறு ஜன்னலின் தலை ஒன்று புது வளைவால் பாதி வெட்டுண்டு அந்தரத்தில் தொங்கும். அப்படி ஒன்றைக் கண்டால் சுவர் தூணைவிட மூத்தது என்று நிச்சயமாகச் சொல்லலாம். தூண் வரிசையின் இரு கோடியிலும் அரைத்தூண் இல்லாமல் மொத்தையாகச் சுவர்த்துண்டு விட்டிருந்தாலும் அதே செய்திதான்.

கோளாறும் இங்கேதான் தொடங்கும். சுவரின் எடையை நீளத்துக்கும் பரப்பித் தாங்கிய பழைய அடித்தளம், இப்போது நாலைந்து புள்ளிகளில் மட்டும் எல்லாப் பாரத்தையும் வாங்குகிறது. போதாததற்குக் கூரையின் கைமரங்கள் சுவரின் தலையை வெளிப்பக்கம் தள்ளுகின்றன. தூண் வரிசை வெளியே சாய்ந்திருக்கும் கோயில்கள் எத்தனையோ. சாய்வைக் கண்டதும் பதற வேண்டாம். அது 600 ஆண்டுப் பழைய சாய்வாக இருக்கலாம். இன்னும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலுக்குக் குறுக்கே அளவுகோல் பொருத்தி, ஓர் ஆண்டு முழுவதுமாவது பார்த்தால்தான் பருவத்துக்குத் தக்கபடி விரிந்து சுருங்குவதையும் உண்மையான நகர்வையும் பிரித்தறிய முடியும்.

பக்கக்கூடம் வந்ததும் மக்கள்கூடம் இருண்டுபோகும், ஏனென்றால் அதன் ஜன்னல்கள் இப்போது உள்ளறைக்குள் திறக்கின்றன. அதற்குத் தீர்வாகச் சுவரை மேலும் உயர்த்தி, பக்கக்கூடக் கூரைக்கு மேலே ஒரு மேல்ஜன்னல் வரிசை வைத்தார்கள். சுவர் உயர்ந்த பிறகு பழையபடி செங்குத்தாகச் சரியும் கூரை போட்டால் கோபுரத்தையே மறைத்துவிடும். ஆகவே கூரையைத் தட்டையாக்கினார்கள். தட்டைக் கூரையில் ஓலையும் ஓடும் தண்ணீரைத் தடுக்காது, ஈயத்தகடு வேண்டும். பக்கக்கூடத்தில் தொடங்கிய செலவு ஈயக் கூரையில் போய் முடிகிறது. இதற்குச் சாட்சி கோபுரத்தின் கிழக்கு முகத்தில் இருக்கும்: இப்போதைய கூரைக்கு மேலே, தலைகீழ் ‘வி’ வடிவில் ஒரு கல்விளிம்பு. அது பழைய கூரை ஒட்டியிருந்த தழும்பு. எந்தக் கோயிலுக்குப் போனாலும் உள்ளே நுழையும் முன் அதைத் தேடுங்கள்.

உள்ளே அந்தத் தட்டைக் கூரையின் அடிப்பக்கத்தில்தான் ஓக் மரத் தச்சர்கள் தங்கள் முழுத் திறமையையும் கொட்டினார்கள். கேம்பிரிட்ஜ்ஷயரின் மார்ச் ஊரில் நூற்றுக்கு மேற்பட்ட மரத் தேவதூதர்கள் சிறகு விரித்துக் கூரையைச் சூழ்ந்திருக்கிறார்கள். உத்தரம் கெட்டுப்போவது நடுவில் அல்ல. சுவருக்குள் செருகியிருக்கும் நுனியில். ஈரம் அங்கே தங்கும், ஈரமான ஓக் மரத்தைச் சாவுக்கடிகார வண்டு துளைக்கும். வெளியில் வைரம் பாய்ந்ததுபோல் தெரியும் உத்தரத்தின் நுனியில் கத்தி வைத்தால் உள்ளே மாவாக இருக்கும்.

கோபுரத்தைப் பெரும்பாலும் மேற்கே தனியாக எழுப்பிப் பிறகு மக்கள்கூடத்தோடு இணைத்தார்கள். அந்த வேலை எப்படி நடந்தது என்பதற்கு அருமையான ஆவணம் ஒன்று தப்பியிருக்கிறது. சஃபோக் கடற்கரையின் வால்பர்ஸ்விக் ஊர்க்காரர்கள் 1426-இல் டன்விச்சின் ரிச்சர்ட் ரஸ்ஸல், பிளைத்பரோவின் ஆடம் பவுல் என்ற இரு கொத்தனார்களோடு செய்த ஒப்பந்தம் அது. வரைபடம் இல்லை. சுவர் வேலை டன்ஸ்டால் கோபுரம்போல இருக்க வேண்டும், மேற்கு வாசல் ஹேல்ஸ்வொர்த்தில் இருப்பதுபோல இருக்க வேண்டும் என்று பக்கத்து ஊர்க் கட்டடங்களையே மாதிரியாகச் சொல்லிவிட்டார்கள். கூலி கஜத்துக்கு 40 ஷில்லிங். அதோடு ஆண்டுக்கு ஒரு சிறு பீப்பாய் ஹெர்ரிங் மீன். கல், சுண்ணாம்பு, மணல், தண்ணீர், சாரக்கட்டைகள், கொத்தனார்கள் தங்கிச் சாப்பிட ஒரு வீடு எல்லாம் ஊரின் பொறுப்பு. வேலை மார்ச் இறுதியின் மரியாள் திருநாளுக்கும் செப்டம்பர் இறுதியின் மிக்கேல் திருநாளுக்கும் இடையில் மட்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் தொழிலறிவு இருக்கிறது. சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்ல இறுகுவது. இறுகும் முன் உறைபனி பட்டால் காரைக்குள் உள்ள நீர் விரிந்து அதைப் பொடியாக்கிவிடும். கீழே இறுகாத நிலையில் மேலே பாரம் ஏற்றினால் சுவர் பிதுங்கும். ஆகவே கோபுரம் ஆண்டுக்குச் சில கஜம் மட்டுமே ஏறியது. குளிர்காலத்தில் சுவரின் தலையை வைக்கோல் போட்டு மூடினார்கள். கோபுரத்தில் சீரான இடைவெளியில் தெரியும் சதுரப் பொந்துகள் சாரக்கட்டை செருகிய துளைகள். ஒவ்வொரு வரிசையும் கொத்தனார் நின்று வேலைசெய்த ஒரு தளம். கோபுரம் கனமானது, தனி அடித்தளத்தில் நிற்பது. அதனால் மக்கள்கூடத்தோடு சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஒரு விரிசல் விழுவது இயற்கை.

இப்போது ஜன்னலுக்கு வரலாம். நார்மன், தொடக்க ஆங்கிலப் பாணி, அலங்காரப் பாணி, செங்குத்துப் பாணி என்ற பெயர்களை 1817-இல் வகுத்துக் கொடுத்தவர் தாமஸ் ரிக்மன். கட்டியவர்களுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. 1190 வாக்கிலிருந்து கூர்முனையுள்ள ஒல்லி ஜன்னல், தனியாகவோ மூன்று சேர்ந்தோ. இது தொடக்க ஆங்கிலப் பாணி. பிறகு இரண்டு ஒல்லி ஜன்னல்களை ஒரே வளைவுக்குள் அடக்கி, மேலே மிஞ்சிய கல்பலகையில் வட்டம் குடைந்தார்கள். கல்பின்னல் வேலை பிறந்தது அப்படித்தான். 1290களுக்குப் பின் அந்தப் பின்னல் தீக்கொழுந்துபோல் நெளிந்து ஓடியது. இது அலங்காரப் பாணி. லிங்கன்ஷயரின் ஹெக்கிங்டனில் கிழக்கு ஜன்னலைப் பார்த்தால் கல்லை இப்படி வளைக்க முடியுமா என்று தோன்றும். 1348–49 கொள்ளைநோயில் கல்தச்சர்களும் மாண்டார்கள், பல ஊர்களில் வேலை பாதியில் நின்றது. அதன் பின் நாடெங்கும் பரவிய செங்குத்துப் பாணியை அடையாளம் காண ஒரே சோதனை போதும்: ஜன்னலின் நிலைக்கம்பங்கள் வளையாமல் நேராக ஏறி மேல்வளைவில் போய் முட்டுகின்றனவா? முட்டினால் செங்குத்துப் பாணி. கம்பளி வணிகத்தில் பணம் குவிந்த லாங் மெல்ஃபோர்ட், லாவன்ஹம், நார்த்லீச் கோயில்கள் எல்லாம் இந்தப் பாணிதான். லாங் மெல்ஃபோர்டில் கொடையாளிகள் தங்கள் ஆன்மாவுக்காக மன்றாடும்படி கேட்டு, மேல்ஜன்னல் வரிசையை ஒட்டிக் கல்லிலேயே பெயரைப் பதித்துவைத்தார்கள். க்ளாஸ்டர்ஷயரின் ஃபேர்ஃபோர்டில் 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளின் 28 வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் பெருமளவு முழுதாகத் தப்பியிருக்கின்றன.

உள்ளே போனதும் நடு வளைவுக்கு அருகே பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே எங்கும் போகாத ஒரு சிறு கதவுத் திறப்பு இருக்கிறதா பாருங்கள். இடைக்காலத்தில் அந்த வளைவின் குறுக்கே மரத்தடுப்பு ஒன்று நின்றது. இடுப்பளவுக்குப் புனிதர் படம் தீட்டிய பலகை, அதற்குமேல் ஊடே பார்க்கக்கூடிய மரப்பின்னல், அதன்மேல் ஒரு மாடம், மாடத்துக்கு மேலே சிலுவையில் இயேசு, இருபுறமும் மரியாளும் யோவானும். அந்தத் திறப்பு மாடத்துக்கு ஏறிய படிக்கட்டின் வாசல். சிலைகளை எதிர்த்த புராட்டஸ்டண்ட் அரசர் ஆறாம் எட்வர்ட் காலத்தில் சிலுவைச் சிற்பங்கள் போயின. 1561-இல் முதலாம் எலிசபெத் மாடத்தை இறக்கிவிட்டுத் தடுப்பை மட்டும் விட்டுவைக்க ஆணையிட்டார். நார்ஃபோக்கின் ரான்வொர்த்தில் அந்தத் தடுப்பு வண்ணத்தோடு இன்றும் நிற்கிறது.

சிலுவைக்குப் பின்னால் இறுதித் தீர்ப்பு ஓவியம் இருந்தது. சஃபோக்கின் வென்ஹாஸ்டனில் அதை மரப்பலகைகளில் தீட்டியிருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தக் காலத்தில் வெள்ளையடித்து மூடிய பலகைகளை, 1892-இல் கோயிலைப் புதுப்பித்தவர்கள் குப்பையென்று கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து ஓவியம் வெளியே வந்தது. ஓவியத்தின் நடுவில் சிலுவையின் வடிவிலும், இருபுறமும் நிற்கும் இரு உருவங்களின் வடிவிலும் வண்ணமே படாத வெற்றிடங்கள் உள்ளன. அங்கே சிற்பங்கள் பொருத்தியிருந்ததால் ஓவியர் அந்த இடத்தைத் தீட்டவில்லை. காணாமல்போன சிற்பங்களின் உருவரை நமக்கு அப்படித்தான் கிடைத்தது.

பீடத்துக்குத் தெற்கே சுவரில் சிறு மாடமும் அதில் துளையிட்ட கிண்ணமும் இருந்தால், குரு கையும் பூசைப் பாத்திரமும் கழுவிய நீர் வடியும் இடம். அது எங்கே இருந்தாலும் அருகில் ஒரு பீடம் இருந்தது என்று பொருள். பக்கக்கூடத்தில் கண்டால் அங்கும் பூசை நடந்தது. இரட்டைக் கிண்ணம் இருந்தால் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அருகிலுள்ள குருக்களின் கல்லிருக்கை உட்கார முடியாதபடி கணுக்கால் உயரத்தில் இருந்தால், பிற்காலத்தில் தரையை உயர்த்தியிருக்கிறார்கள். ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பில் இரும்பு பதித்த தழும்பும் கவனிக்க வேண்டியது: தீர்த்தத்தை மந்திரவேலைக்குத் திருடாதபடி தொட்டியைப் பூட்டிவைக்க 1236-இல் கேண்டர்பரி பேராயர் எட்மண்ட் கட்டளையிட்டார்.

சில கதைகளை ஒதுக்கிவிடுங்கள். சுவரில் சாய்வாகக் குடைந்த ஓட்டை தொழுநோயாளிகளுக்கானது அல்ல. பக்கப் பீடத்திலிருந்து பெரிய பீடத்தைப் பார்ப்பதற்கு. வடக்கு வாசல் பிசாசை வெளியேற்ற வைத்ததல்ல, பவனி போவதற்கு. பீடக்கூடம் சற்றுக் கோணலாக இருப்பது சிலுவையில் சாய்ந்த இயேசுவின் தலையைக் குறிக்கவில்லை. பழைய கட்டடம் நிற்கும்போதே புதியதை அளந்து கட்டியதில் வந்த பிசகு.

எல்லாமே ஒரே அச்சில் வார்த்ததுபோல் கூர்மையாக, சுவர் உள்ளே பூச்சில்லாமல் கல் தெரிய இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் கைவரிசை. இடைக்காலக் கோயில் உள்ளே பூசி வண்ணம் தீட்டியது. வெளியேயும் பல இடங்களில் சுண்ணாம்பு பூசியது. பூச்சைச் சுரண்டியபோது ஓவியங்களும் சேர்ந்து போயின. இந்த அழிவைத் தடுக்கத்தான் வில்லியம் மோரிஸ் 1877-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார்.

இன்று இந்தச் சுவர்களுக்குப் பெரிய எதிரி சிமெண்ட். சுவருக்குள் நுழைந்த ஈரம், கல்லைவிட மென்மையான சுண்ணாம்பு மூட்டு வழியாக வெளியேறும். தேய்வதும் மூட்டுதான், கல் பிழைக்கும். மூட்டைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல்வழியே வெளியேறும், உப்பு கல்லின் முகத்தில் படிந்து அதைச் செதில் செதிலாக உதிர்க்கும். சில பத்தாண்டுகளில் கல் குழிந்து, சிமெண்ட் மூட்டு மட்டும் தேன்கூடுபோல் துருத்தி நிற்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூரான மணல் சேர்த்த காரைதான் சரி. அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது கூரையோர வாய்க்கால். இலை அடைத்த ஒரு வாய்க்கால் ஒரே குளிர்காலத்தில் உத்தர நுனியை ஊறவைத்துவிடும். இலையுதிர்காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை ஏறிச் சுத்தம் செய்ய வேண்டும். மழை பெய்யும்போது வெளியே நின்று, தண்ணீர் சுவரை நனைக்காமல் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.